மண் ஓடுபாதையில் இறங்கும் சின்ன விமானங்கள்: எது எதற்கு, எப்படிப் பராமரிக்கிறார்கள்?

சுங்கை பட்டாணியில் இருந்து பீடோங் பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலையில் போயிருக்கிறீர்களா? மழை பெய்த மறுநாள் அங்கே புதுக் கார் திணறும். பழைய காப்சாய் மோட்டார் ஜம்மென்று போய்விடும். விமானங்களிலும் அப்படி ஒரு காப்சாய் வகை உண்டு. தார் போட்ட ஓடுபாதை இல்லாத இடத்தில், புல்லிலும் சரளைக் கல்லிலும் இறங்கி ஏறும் சின்ன விமானங்கள் அவை. 'புஷ் பிளேன்' என்பது அவற்றின் பெயர்.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா?

கெடா தொடர்பு

1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். நடுக்காட்டில் இருந்த கோட்டைகளுக்குச் சாலை கிடையாது. ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோக 'ஸ்காட்டிஷ் ஏவியேஷன் பயோனியர்' என்ற சின்ன விமானம் வந்தது. காட்டை வெட்டிப் போட்ட குட்டையான பாதையே அதற்குப் போதும்.

1958-இல் நம் விமானப்படை தொடங்கியபோது அதற்கு வந்த முதல் விமானம் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'டுவின் பயோனியர்'. அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் சூட்டியவர் அலோர் ஸ்டாரில் பிறந்த பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். இளம் விமானிகள் பயிற்சி பெற்றுவரும் விமானப்படைத் தளமும் அலோர் ஸ்டாரில்தான் இருக்கிறது. அங்கே பறந்த பிசி-7 பயிற்சி விமானத்தைச் செய்தது சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் நிறுவனம். 'போர்ட்டர்' என்ற புகழ்பெற்ற புஷ் விமானமும் அவர்கள் செய்ததுதான்.

சரவாக் உள்பகுதியில் பாரியோ, பா கெலாலான் போன்ற ஊர்களுக்கு இத்தகைய விமானம் ஆடம்பரமே இல்லை. நமக்கு பஸ் எப்படியோ, அவர்களுக்கு 'டுவின் ஓட்டர்' அப்படி. நோயாளியும் அதில்தான் வருவார்.

எதைப் பார்த்து ஒப்பிடுவது?

வேகத்தைப் பார்க்காதீர்கள். எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்று பாருங்கள். மெதுவாக வந்து இறங்கினால் நிற்பதற்குக் கொஞ்ச தூரம் போதும். அதற்காகத்தான் பெரிய இறக்கை, அதன் பின்விளிம்பில் கீழே இறங்கும் பெரிய மடிப்புகள் எல்லாம். இதற்குக் கொடுக்கும் விலை, பறக்கும்போது வேகம் குறைவு.

அடுத்தது சக்கரம். வாலில் சின்னச் சக்கரம் உள்ள விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் உள்ள விசிறி தரையை விட்டு உயரமாக இருப்பதால் கல் அடிபடுவது குறைவு. ஆனால் இறங்கும்போது கவனம் தப்பினால் சுழன்று திரும்பிவிடும். மூக்குச் சக்கரம் உள்ளதை ஓட்டுவது சுலபம். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் முதலில் உடைவது அந்த மூக்குச் சக்கரம்தான்.

மூன்றாவது எஞ்சின். பிஸ்டன் எஞ்சின் விலை குறைவு, ஆனால் அதற்கு 'அவ்காஸ்' என்ற தனிப் பெட்ரோல் வேண்டும். டர்பைன் எஞ்சினுக்கு விலை அதிகம், பலமும் அதிகம். மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஜெட் எரிபொருளில் ஓடும். உள்ளூரில் எது கிடைக்கும் என்பதே பல நேரம் முடிவைத் தீர்மானிக்கும்.

சில விமானங்களைப் பாருங்கள்:

• பைப்பர் சூப்பர் கப்: 1949 முதல் தயாரான இரண்டு இருக்கை விமானம். துணி போர்த்திய உடல், வால் சக்கரம். முழுச் சுமையோடும் சுமார் 800 கிலோதான். ஆற்று மணலில்கூட இறங்கும். பெரிய சாமான் ஏற்ற முடியாது.

• செஸ்னா 206: ஆறு இருக்கை, பிஸ்டன் எஞ்சின், மூக்குச் சக்கரம். குடும்பமும் மூட்டையும் சேர்ந்து போகலாம்.

• பிலாட்டஸ் போர்ட்டர்: முதலில் பறந்தது 1959-இல். பின்னர் டர்பைன் எஞ்சின் பெற்றது. சுமார் 10 பேர் போகலாம். மலைச்சரிவுப் பாதைகளுக்குப் பேர்போனது.

• டுவின் ஓட்டர்: 1965-இல் முதலில் பறந்தது. 19 இருக்கை. இரண்டு டர்பைன் எஞ்சின் என்பதால் ஒன்று நின்றாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

வெயிலும் ஒரு சுமைதான்

சூடான காற்று லேசானது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறையும். கடல் மட்டத்திலேயே நின்றாலும், 33 டிகிரி வெயிலில் ஒரு விமானம் சுமார் 2,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் செயல்படும். காலையில் சுலபமாக எழும்பிய விமானம் மதியம் அதே பாதையில் திணறுவது இதனால்தான்.

ஈரப்பதம் வேறு ஒரு வேலை செய்யும். கார்புரேட்டர் உள்ள எஞ்சினில், நம்ம ஊர் வெக்கையிலும் அதன் உள்ளே பனிக்கட்டி உருவாகலாம். எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே சட்டென்று குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் உறைந்துவிடும். அதனால் இறங்கும்போது எஞ்சினுக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் நெம்புகோலை விமானிகள் இழுக்கிறார்கள்.

பராமரிப்பு: சின்னச் சின்ன வேலை, பெரிய விளைவு

1957 டிசம்பர் 7. லிபியாவில் ஒரு டுவின் பயோனியரின் இறக்கை பறக்கும்போதே கழன்றது. இறக்கையைத் தாங்கும் கம்பியின் ஒரு பொருத்தில், உலோகம் களைத்து விரிசல் விட்டிருந்தது. இறந்த மூவரில் ஒருவர் டேவிட் மெக்கின்டையர், அந்த விமானத்தைத் தயாரித்த நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். சில மாதங்கள் கழித்து நம் நாட்டுக்கு வந்ததும் அதே வகை விமானம்தான். கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இப்படிப்பட்ட பொருத்துகள்தான் அடி வாங்குகின்றன.

ஆகவே ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்:

• எரிபொருள் தொட்டியின் அடியில் இருந்து கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். அவ்காஸ் நீல நிறம். அடியில் நிறமில்லாத குமிழ் தெரிந்தால் அது தண்ணீர்.

• விசிறியின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கல் பட்ட சின்ன வெட்டுகூட விரிசலாக வளரும்.

• டயர், பிரேக், சக்கரக் கால்களில் வெடிப்பு, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

• வேகம் அளக்கும் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், அடைத்துவிட்டால் வேகமானி பொய் சொல்லும்.

பிஸ்டன் விமானங்களில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதும், 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றி முழுதாகச் சோதிப்பதும் பரவலான வழக்கம். லங்காவி போன்ற கடலோரத்தில் துருவுக்கு எதிரான வேலை இன்னும் அதிகம். உப்பை நன்னீரில் கழுவியே ஆக வேண்டும்.

எல்லாம் சரி, மூட்டையை எங்கே வைத்தீர்கள்?

1976 ஜூன் 6. லாபுவானில் இருந்து வந்த ஒரு 'நோமாட்' விமானம் கோத்தா கினாபாலுவில் இறங்கும் தறுவாயில் விழுந்தது. சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் உட்பட 11 பேரும் இறந்தார்கள். 2023-இல்தான் வெளியிடப்பட்ட மலேசிய விசாரணை அறிக்கை, பின்பக்கச் சாமான் அறையில் அளவுக்கு மீறிய சுமை இருந்ததால் விமானத்தின் சமநிலை குலைந்தது என்கிறது.

மோட்டாரின் பின்னால் அரிசி மூட்டையைக் கட்டினால் முன்சக்கரம் லேசாவதை உணர்ந்திருப்பீர்கள். அதே கணக்குதான். ஆனால் வானத்தில் காலை ஊன்ற முடியாது. சின்ன விமானத்தில் ஏறும்போது உங்கள் எடையைக் கேட்டாலோ, இடம் மாறி உட்காரச் சொன்னாலோ கோபப்படாதீர்கள்.

இந்த வேலைக்குப் போகலாமா?

நட்டு போல்ட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது நல்ல துறை. விமானத்தைப் பழுதுபார்த்து 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட, மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் வேண்டும். படிப்போடு பட்டறை அனுபவமும் தேவை. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

விமானியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். காலையில் விசிறியைத் தடவிப் பார்த்தவரின் பெயர் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பாது.