சட்டாம்பிள்ளை முறை

பாடத்தில் தேறிய மாணவன் உடன் படிப்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் கல்விமுறை. தமிழகத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வேரூன்றியிருந்தது. இதன் சாயல் கொண்ட ஒரு முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'மதராஸ் முறை' என்ற பெயரில் கடல் கடந்தது.

திண்ணையில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயதினர். ஒருவன் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருப்பான், ஒருவன் எண்சுவடியை உருப்போடுவான், மூத்தவன் ஓலையும் எழுத்தாணியுமாக இருப்பான். அத்தனை பேரையும் வாத்தியார் ஒருவரே கவனிக்க முடியாததால், கெட்டிக்காரப் பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை ஆனான். சின்னவனின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தைச் சுழிக்க வைப்பான். வாய்பாட்டை ஒரு வரி சொல்லி மற்றவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் அதிகாரமும் அவனுடையதே. இன்றும் ஒருவர் மிரட்டி வேலை வாங்கினால் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்கிறோம். அவன் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு அதட்டியதை மட்டும் மொழி நினைவில் வைத்திருப்பது அவனுக்குச் செய்த அநீதி.

பிள்ளைகள் தமக்குள் கற்பது தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. 1623இல் கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வாலே, கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே ராகம் போட்டுக் கணக்குச் சொல்லி, தரையில் பரப்பிய மணலில் எழுதிப் பழகியதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைக் குழந்தைகள் விடுதிக்குக் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தனர். கடைசி வகுப்புக்கு அப்படிக் கற்பிக்கும்படி தம் பள்ளி ஆசிரியரிடம் சொன்னபோது, நடக்காத காரியம் என்று பதில் வந்தது. பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். ஃபிரிஸ்கன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளும் மாணவர் பொறுப்புக்கு வந்தன. இருபத்துநான்கு பேர் கொண்ட வகுப்பு என்றால், தேறிய பன்னிருவர் ஆளுக்கு ஒருவரைத் தம்முடன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இதை நூலாக வெளியிட்டார். 1798இல் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதே போன்ற பள்ளியைத் தொடங்கினார். முதலில் கண்டது யார் என்ற சண்டை இருவரின் ஆதரவாளர்களிடையே நெடுங்காலம் நீண்டது. ஆங்கிலத் திருச்சபையினர் பெல் பக்கம் நின்று 1811இல் தேசியக் கழகத்தை நிறுவினர். லங்காஸ்டர் முறை நியூயார்க் வரை சென்றது. சைமன் பொலிவாரின் ஆதரவோடு 1824இல் கராகஸ் நகருக்கும் போனது.

பரவிய வேகத்தில் அதன் உயிர் போய்விட்டது. ஓர் ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை அடைத்து, செலவைக் குறைக்கும் எந்திரமாக அது மாறியது. பதின்மூன்று வயதினரை ஐந்தாண்டு பயிற்சி ஆசிரியர்களாக அமர்த்தும் திட்டம் 1846இல் வந்ததும் இங்கிலாந்தில் பழைய முறை மங்கியது.

இனி, இதன் வேர் எங்கே என்ற கேள்வி. சென்னை மாகாண ஆளுநர் மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்புக்குப் பதில் எழுதிய பெல்லாரி ஆட்சியர் கேம்பெல், மாணவரே கற்பிக்கும் உள்நாட்டு முறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகுமென்று 1823இல் குறிப்பிட்டார். வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட 'அழகிய மரம்' என்ற நூல் இந்த ஆவணங்களைத் திரட்டித் தந்தது. பெல்லோ மணலில் எழுதுவதை மட்டுமே இங்கிருந்து பெற்றதாகச் சொன்னார். மாணவரை ஆசிரியராக்கியது தம் சொந்த யோசனை என்றார். எழும்பூரில் ஏழாண்டு வாழ்ந்தவர் சட்டாம்பிள்ளையைக் கண்டதே இல்லை என்பதை நம்புவது கடினம். அதற்காகத் திண்ணையைப் பொற்காலமாக்கவும் கூடாது: பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அங்கே இடமில்லை.

பெல் 1832இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் நடக்கிறது.