ராஸ் துப்பாக்கி: ஈப்ர் களத்தில் சிக்கிய தோட்டாக் கூடுகள்

ராஸ் துப்பாக்கி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாப் படையினருக்கு வழங்கப்பட்ட போல்ட் வகைத் துப்பாக்கி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சர் சார்லஸ் ராஸ் இதை வடிவமைத்தார். இலக்குச் சுடும் போட்டிகளில் பெயர் பெற்ற இத்துப்பாக்கி, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ள முடியாமல் சிக்கிக்கொண்டது. அதற்கான காரணம் எது என்பதில் எழுந்த சண்டை ஒரு படைத்தலைவரின் பதவியையும் ஓர் அமைச்சரின் பெயரையும் பாதித்தது. சிக்கலின் வேர் மட்டும் நெடுநாள் யார் கண்ணிலும் படவில்லை.

கூடு வெளியேறும் விதம்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, முனையில் குண்டு, அடியில் பற்றவைக்கும் சிறு மூடி ஆகியவை சேர்ந்தது. சுட்டவுடன் பறந்து செல்வது குண்டு மட்டுமே. கூடு குழலின் பின்பகுதியில் உள்ள அறையிலேயே தங்கிவிடும். வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இது வேண்டும் என்றே அமைந்த ஏற்பாடு. கூடு இப்படி அடைத்துக்கொள்வதால்தான் சூடான வாயு பின்னோக்கிச் சுடுபவரின் முகத்தில் அடிப்பதில்லை. அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றுச் சுருங்கிச் சுவரை விட்டு விலகும்.

அதன்பின் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். போல்ட்டின் முனையில் உள்ள கொக்கி, கூட்டின் அடி விளிம்பைப் பற்றி அதை அறையிலிருந்து இழுக்க வேண்டும். இழுக்கப்பட்ட கூட்டை ஒரு சிறு முனை தட்டிப் பக்கவாட்டில் வெளியே வீச வேண்டும். இவை தனித்தனி வேலைகள் என்பதால் கோளாறுகளும் தனித்தனியானவை. கூடு அறையை விட்டு வந்தும் வெளியே விழாவிட்டால் தட்டும் முனையையோ கொக்கியின் பிடியையோ பார்க்க வேண்டும். கூடு அறையை விட்டே வராவிட்டால் அறை, தோட்டா, போல்ட் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ராஸ் துப்பாக்கியின் சிக்கல் இரண்டாவது வகை.

ஒட்டிய கூட்டை முதலில் அசைப்பதற்குத்தான் அதிக விசை தேவை. பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கித் திருப்ப வேண்டும். திருப்பும்போதே ஒரு சாய்வான பரப்பு போல்ட்டைச் சற்றுப் பின்னே நகர்த்தும். நெம்புகோலைப் போல் வேலை செய்யும் இந்தச் சிறு அசைவே கூட்டை விடுவித்துவிடும். பிறகு இழுப்பது எளிது. ராஸ் துப்பாக்கியில் கைப்பிடியைத் தூக்க வேண்டியதில்லை. நேராகப் பின்னால் இழுத்தால் போதும். உள்ளே உள்ள திருகு வடிவ வரிப்பள்ளங்கள் போல்ட்டின் தலையைத் தானாகத் திருப்பிப் பூட்டைத் திறக்கும். ஒரே இழுப்பில் வேலை முடிவதால் விரைவாகச் சுடலாம். ஆனால் கூடு இறுகிவிட்டால் தூக்கித் திருப்பும் நெம்புகோலின் பலன் இதில் கிடைக்காது. பூட்டைத் திறப்பது, கூட்டை அசைப்பது ஆகிய இரண்டையும் கையின் நேர் இழுப்பே செய்தாக வேண்டும்.

கனடா இதைத் தேர்ந்தெடுத்த பின்னணி

போயர் போர்க் காலத்தில் கனடா லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை வாங்க முயன்றது. தன் தேவைக்கே பற்றாக்குறையாக இருந்த பிரித்தானியாவால் போதுமான அளவு தர இயலவில்லை. அவற்றைக் கனடாவிலேயே தயாரிக்க ஒரு பிரித்தானிய நிறுவனத்தை அழைத்த முயற்சியும் பலிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் சார்லஸ் ராஸ் தம் வடிவமைப்போடும், சொந்தப் பணத்தில் தொழிற்சாலை கட்டித் தருகிறேன் என்ற வாக்குறுதியோடும் வந்தார். சொந்தத் துப்பாக்கி, சொந்த ஆலை என்பது இளம் நாடு ஒன்றுக்குக் கவர்ச்சியான எண்ணம். அதில் தவறும் இல்லை. 1903-இல் 12,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் ஆனது. கியூபெக் நகரில், ஆபிரகாம் சமவெளியை ஒட்டி ஆலை எழுந்தது.

தொடக்கத்திலேயே புகார்கள் வந்தன. முதல் துப்பாக்கிகளைப் பெற்ற வடமேற்குக் குதிரைக் காவல்படை, சுடும் பயிற்சியில் ஒருவர் கண்ணை இழந்த விபத்துக்குப் பின் அவற்றைத் திருப்பிவிட்டது. ராஸ் அடுத்தடுத்து மாற்றங்கள் செய்தார். போருக்குச் சென்றது மார்க் 3 என்ற வடிவம். அதன் நீளம் 50 அங்குலத்துக்கும் மேல். எடை ஏறக்குறைய நான்கரை கிலோ. பிரித்தானியரின் குட்டை லீ-என்ஃபீல்டு அதைவிட 6 அங்குலம் குட்டை, எடையும் குறைவு. அதில் 10 தோட்டாக்கள் கொள்ளும், ராஸில் 5 மட்டுமே. ஆனால் நீண்ட குழல் குறியைத் துல்லியமாக்கியது. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் ராஸ் துப்பாக்கிகள் பரிசுகளை அள்ளின. 1911-இல் படைத்துறை அமைச்சரான சாம் ஹியூஸ் தாமே துப்பாக்கிச் சுடுதலில் ஈடுபாடு கொண்டவர். அவருக்கு இது நாட்டின் பெருமையாகவே மாறியது.

போட்டித் தளத்தில் சுடுபவர் துடைத்த துப்பாக்கியுடன், பொறுக்கியெடுத்த தோட்டாக்களை, நிதானமாகச் சுடுவார். அங்கே சேறு கிடையாது. நிமிடத்துக்குப் பல தோட்டாக்களை இடைவிடாமல் சுட வேண்டிய அவசரமும் கிடையாது.

1915 ஏப்ரல்

கனடாவின் முதல் டிவிஷன் 1915 பிப்ரவரியில் பிரான்சுக்குச் சென்றது. மார்ச்சில் நவ் சப்பேல் பகுதியில் சுட்டபோதே துப்பாக்கிகள் சிக்குவதாகப் பேச்சு எழுந்தது. பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். பிரெஞ்சுப் படையின் வரிசை உடைந்து, கனடாப் படையின் பக்கவாட்டு திறந்தது. 24-ஆம் நாள் வாயு கனடாப் படையினர் மீதே வந்தது. நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, நெருங்கி வரும் காலாட்படையை நோக்கி அவர்கள் விரைவாகச் சுட வேண்டியிருந்தது. சில பத்துத் தோட்டாக்களில் குழல் சூடேறியதும் போல்ட் இறுகியது. கையால் இழுக்க முடியாமல் பூட்ஸ் குதிகாலால் உதைத்தும், மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறந்தனர். அப்படித் திறந்து ஒரு தோட்டாவைச் சுட்டபின் மீண்டும் அதே கதை.

அந்தச் சில நாட்களில் கனடா 6,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. கொல்லப்பட்டவர்களும் காயமடைந்தவர்களும் சிறைப்பட்டவர்களும் இதில் அடக்கம். இதில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால் படைவீரர்களின் தீர்ப்பு ஓர் எண்ணாகப் பதிவாகியுள்ளது. போரில் மிஞ்சிய ஏறக்குறைய 5,000 காலாட்படையினரில் 1,452 பேர் தங்கள் ராஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, விழுந்துகிடந்த பிரித்தானியரின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டிருந்தனர். கொடுத்த ஆயுதத்தைக் கைவிடுவது படையில் சிறு குற்றமல்ல என்பது அவர்களுக்குத் தெரியும்.

தோட்டாவா, துப்பாக்கியா?

இதன்பின் கட்சிகள் பிரிந்தன. சாம் ஹியூஸும் ராஸும் குற்றத்தைத் தோட்டாவின் மேல் போட்டனர். இதில் உண்மை இருந்தது. கனடாவின் அரசு ஆலையில் செய்த .303 தோட்டாக்கள் நெருக்கமான அளவில் செய்யப்பட்டவை. அவற்றோடு ராஸ் நன்றாகவே வேலை செய்தது. போர் அவசரத்தில் பிரித்தானிய ஒப்பந்த ஆலைகள் செய்து தள்ளிய தோட்டாக்களின் கூடுகள் அளவில் சற்று முன்பின்னாக இருந்தன. ராஸின் அறையோ குறி துல்லியமாக வேண்டும் என்பதற்காக இறுக்கமாகக் குடையப்பட்டது. பருத்த கூடு அதில் விரிந்து இறுகிவிட்டது.

எதிர்த்தரப்பின் கேள்வி எளிமையானது. அதே தோட்டாவை அதே சேற்றில் லீ-என்ஃபீல்டு சுட்டுக்கொண்டுதானே இருந்தது? அதன் அறை தாராளமானது. அளவில் தவறிய தோட்டாவையும் ஏற்றுக்கொண்டது. போர்க்களத்தில் எந்தத் தோட்டா கிடைக்கும் என்று வீரரால் தேர்ந்தெடுக்க முடியாது. எனவே கிடைக்கும் தோட்டாவைச் சுட முடியாத துப்பாக்கியே குறையுள்ளது என்பது இந்த வாதம். நம் ஊர்க் காவலர்களின் தோளில் 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரில் பல பத்தாண்டுகள் தொங்கியது இந்த லீ-என்ஃபீல்டுதான். அதன் நீண்ட ஆயுளுக்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம்.

1915 ஜூனில், கிவான்ஷி தாக்குதலுக்குச் சற்று முன், முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு கொடுக்கப்பட்டது. மற்ற டிவிஷன்கள் ராஸோடுதான் களத்துக்கு வந்தன. அவர்களுக்காக ராஸின் அறைகளைச் சற்று அகலமாகக் குடைந்தனர். அகலப்படுத்திய பிறகும் பல துப்பாக்கிகள் இறுகின. இது தோட்டாவை மட்டும் குற்றம் சொன்னவர்களுக்கும், அறையை மட்டும் குற்றம் சொன்னவர்களுக்கும் புதிராக இருந்தது.

ஒரு சிறு ஆணி

விடை போல்ட்டிலேயே இருந்தது. மார்க் 3-இன் போல்ட் தலையில் பூட்டும் பகுதி திருகின் மரைகளைப் போல் வெட்டப்பட்டிருந்தது. பூட்டு வலுவாக அமைய இது நல்ல உத்தி. ஆனால் போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அது துப்பாக்கியை விட்டுக் கழன்றுவிடாமல் ஒரு சிறு தடுப்பு ஆணி நிறுத்த வேண்டும். அந்த ஆணியின் மேல் வந்து மோதியது பூட்டு மரையின் பின் விளிம்பு. மோதும் பரப்போ மிகச் சிறியது. போல்ட் தலையின் எஃகும் போதுமான கடினத்துக்குப் பதப்படுத்தப்படவில்லை. நிதானமாகச் சுடும்போது தீங்கில்லை. வேகமாக, பலத்தோடு இழுக்க இழுக்க மரையின் விளிம்பு நசுங்கிப் பிசிறு தட்டியது. பிசிறு தட்டிய மரை அதற்குரிய பள்ளத்தில் எளிதில் நுழையாது, நுழைந்தால் எளிதில் வெளியேறாது.

இப்போது ஈப்ர் களத்தில் நடந்ததை மறுபடி எண்ணிப் பார்க்கலாம். பருத்த கூடு முதலில் இறுகியது. வீரர் போல்ட்டை உதைத்துத் திறந்தார். அந்த உதையில் போல்ட் ஆணியின் மேல் பலமாக மோதி மரை நசுங்கியது. அடுத்த முறை கூடு சரியாக இருந்தாலும் போல்ட் இறுகியது. மேலும் பலமாக உதைத்தார். மரை மேலும் கெட்டது. உயிரைக் காக்க அவர் செய்த ஒரே வழியே துப்பாக்கியை அழித்துக்கொண்டிருந்தது. அறையை அகலப்படுத்தினாலும், ஏற்கெனவே மரை கெட்ட துப்பாக்கி சரியாகாததற்கும் இதுவே காரணம். பின்னாளில் தடுப்பு ஆணியைப் பெரிதாக்கி, போல்ட் தலையைக் கடினமாகப் பதப்படுத்தினர். சிக்கல் பெருமளவு குறைந்தது. அதற்குள் வீரர்களின் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

மாற்றமும் அதன் விலையும்

கனடாப் படைப்பிரிவின் தலைவரான லெப்டினன்ட் ஜெனரல் எட்வின் ஆல்டர்சன் ராஸின் குறைகளை வெளிப்படையாக எழுதினார். ஹியூஸ் இதைத் தனிப்பட்ட பகையாக எடுத்துக்கொண்டார். ஆல்டர்சனின் கடிதம் ஒன்று 1916 மே மாதம் ஒட்டாவா நாளேட்டில் வெளியாகிப் பெரும் சச்சரவை உண்டாக்கியது. அம்மாத இறுதியில் ஆல்டர்சன் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டு, ஜூலியன் பிங் அந்த இடத்துக்கு வந்தார். ஆனால் ஆல்டர்சன் கேட்டது நடந்தது. பிரித்தானியப் படைத் தளபதி டக்ளஸ் ஹெய்க் ராஸை நீக்கப் பரிந்துரைத்தார். 1916 செப்டம்பர் வாக்கில் கனடாவின் டிவிஷன்கள் லீ-என்ஃபீல்டுக்கு மாறிவிட்டன. நவம்பரில் ஹியூஸ் பதவி விலகினார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. 1917-இல் கனடா அரசு கியூபெக் ஆலையைக் கையகப்படுத்தியது.

ராஸை விட மறுத்த ஒரு கூட்டமும் இருந்தது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவோர், லீ-என்ஃபீல்டு வந்த பிறகும் ராஸையே விரும்பினர். ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகபோ அவர்களில் புகழ்பெற்றவர். படைவீரர் பதக்கத்தை மூன்று முறை வென்றவர். இத்தகையோர் ஒரு நாளில் சுடும் தோட்டாக்கள் சில மட்டுமே. துப்பாக்கியைத் துணியால் சுற்றிச் சேறு படாமல் காப்பார்கள், தோட்டாவைப் பார்த்துப் பொறுக்குவார்கள், போல்ட்டை மெதுவாக இழுப்பார்கள்.

மொத்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ராஸ் துப்பாக்கிகள் தயாராயின. மிஞ்சியவை கிடங்குகளுக்குப் போயின. இரண்டாம் உலகப் போரில் ஆயுதப் பற்றாக்குறை வந்தபோது அவற்றைத் துடைத்தெடுத்துப் பிரித்தானிய உள்ளூர்க் காவற்படையினரிடமும் கனடாவின் மூத்த காவலர்களிடமும் கொடுத்தனர்.