உடைமையும் உரையும்: சி மொழியின் நினைவக ஒதுக்கீடும் ஊவாத் தமிழ் மாணவரும்

கருவி எதுவும் அது தோன்றிய உற்பத்திச் சூழலின் அடையாளத்தைத் தன்னிடத்தே தாங்கி நிற்கும். 1969க்கும் 1973க்கும் இடையில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழியும் இதற்கு விலக்கன்று. அக்காலத்தில் யுனிக்ஸ் முறைமை இயங்கிய பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைற்று மாத்திரமே. அதில் 16 முறைமைக்கும் 8 பயனரின் நிரல்களுக்கும் உரியனவாயின. பயனற்ற நினைவகத்தை இயந்திரமே தேடி மீட்கும் முறையை 1960இல் யோன் மக்காதி லிஸ்ப் மொழிக்கென விளக்கியிருந்தார். சி அதனைக் கைக்கொள்ளவில்லை. மீட்கும் பொறுப்பை நிரலாளரிடமே விட்டது.

சி மொழியில் ‘மலொக்’ என்னும் செயற்கூற்றிடம் இத்தனை பைற்று வேண்டும் எனக் கேட்டால், அது ஒதுக்கிய துண்டின் முகவரியைத் தரும். இடமில்லையெனில் வெற்று முகவரியைத் தரும். வேலை முடிந்ததும் ‘ஃபிறீ’ வாயிலாகத் துண்டைத் திருப்ப வேண்டும். முகவரி தொலைந்துவிடின் அத்துண்டு நிரல் முடியும்வரை எவருக்கும் பயன்படாது கிடக்கும். ஒரே துண்டை இருமுறை திருப்பினாலோ ஒதுக்கீட்டுக் கணக்கே சிதையும். கேர்ணிகனும் றிச்சியும் 1978இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஒதுக்கி ஒன்றை எழுதிக் காட்டினர். அதில் ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் அதன் அளவு பதிவாகும். அது யாருக்கு உடைமை என்பது எங்கும் பதிவாவதில்லை.

இவ்விடமே நம் கவனத்துக்குரியது. ‘ஸ்ற்டப்’, ‘கெட்என்வ்’ ஆகிய இரண்டும் எழுத்துத் தொடரொன்றின் முகவரியையே தருகின்றன. முன்னையது தருவதைப் பெற்றவர் விடுவித்தாக வேண்டும். பின்னையது தருவதை விடுவித்தலாகாது. இவ்வேறுபாட்டை மொழியின் இலக்கணம் சொல்வதில்லை. அதனை மனிதர் மனிதருக்கு எழுதிவைக்கும் குறிப்புரையே சொல்கிறது.

குறிப்புரையை இயந்திரம் பொருட்படுத்துவதில்லை. நிரல்பெயர்ப்பி அதனை வெறும் இடைவெளியாகவே கொள்ளும். தொல்காப்பியம் முழுமைக்கும் முதலில் உரை கண்ட இளம்பூரணரை அறிந்த நமக்கு, மூலத்துக்கு அருகே உரை நிற்பது புதுமையன்று. எனினும் நல்ல குறிப்புரை மூலத்தைத் திருப்பிக் கூறாது. ‘இங்கு ஒன்று கூட்டப்படுகிறது’ என்பது வீண். ‘இத்துண்டைப் பெறுபவரே விடுவிக்க வேண்டும், இடம் கிடைக்காவிடின் வெற்று முகவரி திரும்பும்’ என்பதே உரை. அது உழைப்பாளர் இருவரிடையேயான உடன்படிக்கை எனலாம்.

ஊவாவின் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒதுக்கீடு என்பது அந்நியமான கருத்தன்று. காலைப் பிரட்டின் பின் கொழுந்து பறிப்பவருக்கு நிரை ஒதுக்கப்படுகிறது. அன்றைய வேலை முடிந்ததும் அதன்மேல் அவருக்கு எவ்வுரிமையும் இல்லை. ஆயின் ஒப்புமை இங்கேயே முடிகிறது. தோட்டத்தின் விதியை நிருவாகம் வகுத்தது; சி மொழியின் உடைமை விதியை எழுதுவோரே தமக்குள் வகுத்துக் கொள்கின்றனர். அதில் பங்குகொள்ள எழுத்தின்மேல் ஆளுகை வேண்டும்.

1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்கள் இவர்கள். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு அதனை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலாகும். பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது. அங்குப் போதனாமொழி ஆங்கிலம். பசறையிலோ பண்டாரவளையிலோ தமிழில் பயின்று அங்குச் சேரும் மாணவர், பாடநூலின் ஆங்கிலக் குறிப்புரையைப் பொருளறியாது பெயர்த்தெழுத நேரலாம். இயந்திரம் அதைப் படிப்பதில்லையாதலால் நிரல் ஓடும், குறைபாடு மறைந்திருக்கும், நினைவகம் கசியும்போதே வெளிப்படும்.

இதற்குத் தொழில்நுட்பத் தடை இன்றில்லை. 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் யூரிஎஃப்-8 குறிமுறையை வகுத்தனர். ஆதலின் குறிப்புரையைத் தமிழில் எழுதுதல் எளிது. பிறநாட்டார் படிக்கும் நிரலில் ஆங்கில உரை வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் அது வெளியீட்டுக்குரிய வாதம், கற்றலுக்குரியதன்று. யார் பெறுகிறார், யார் விடுவிக்கிறார் என்பதை மாணவர் முதலில் தம் மொழியில் எழுதட்டும். பின்னர் ஆங்கிலத்தில் பெயர்க்கட்டும். அவ்வாறு எழுதக்கூடியவரே பிறர் வகுத்த விதியைப் பின்பற்றுவதோடு நில்லாது அதனைத் திருத்தவும் வல்லவராவார்.