ஆலையின் சட்ட அலுவலர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

திருப்பூர் வட்டாரத்தின் பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனங்கள் சட்டம் படித்தவர்களை முழுநேரச் சம்பளத்தில் அமர்த்துகின்றன. தொழிலாளர் துறைக்கான அறிக்கைகளும், வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்களின் தணிக்கைக்கான பதில்களும், பாலியல் துன்புறுத்தல் புகார்களும் அவர்கள் மேசையைக் கடந்தே செல்கின்றன. ஒரு தலித் பெண் தொழிலாளியின் புகார் எந்தச் சட்டத்தின் கீழ் நகரும் என்பதும் அங்கேயே தீர்மானிக்கப்பட்டுவிடக் கூடும். எனவே அந்த அலுவலரின் சட்ட நிலையையும் கடமைகளையும் நாம் அறிந்திருப்பது அவசியம்.

வழக்கறிஞருக்குரிய காப்பு இல்லை

இந்திய பார் கவுன்சிலின் 49ஆவது விதிப்படி, முழுநேரச் சம்பளப் பணியில் சேரும் வழக்கறிஞர் அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அப்பணியில் நீடிக்கும்வரை வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான உரையாடலுக்குப் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆவது பிரிவு இரகசியக் காப்பு அளிக்கிறது. நிறுவனத்தின் சம்பளப் பணியாளரான சட்ட அலுவலருக்கு அக்காப்பு கிடையாது என்பதே தீர்ப்பு. நிறுவனம் அமர்த்தும் வெளி வழக்கறிஞருடன் அவர் நடத்தும் தொடர்புக்கு மட்டும், 134ஆவது பிரிவின் கீழ் வரையறைக்குட்பட்ட பாதுகாப்பு உண்டு.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? ஒரு புகாரைப் பற்றி மேலாளரும் சட்ட அலுவலரும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல் நீதிமன்றத்தில் கோரப்பட்டால், அது வழக்கறிஞர் இரகசியம் என்று கூறி மறுக்க இயலாது. புகாரை அமுக்குவதற்கு எழுத்தில் ஆலோசனை தருபவர், தமக்கே எதிரான சான்றை உருவாக்குகிறார்.

ஒரே செயல், இரண்டு சட்டங்கள்

பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். குழு விசாரணையில் இரு தரப்பினரும் வழக்கறிஞரைத் தம் சார்பில் நிறுத்த முடியாது. அந்த அறையில் நிறுவனத்தின் சட்ட அலுவலர் மட்டும் அமர்ந்து விசாரணையை வழிநடத்தினால், சமநிலை தொடக்கத்திலேயே குலைந்துவிடுகிறது.

இச்சட்டத்தின் படிவங்களில் சாதிக்கு இடமில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்று தெரிந்தே, அச்சமூகத்தைச் சாராத ஒருவர் அவரைச் சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதும், பாலியல் தன்மையுள்ள சொற்களையோ சைகைகளையோ பயன்படுத்துவதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(w) பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருந்தால், சாதியையும் அறிந்திருந்தார் என்றே 8(c) பிரிவு அனுமானிக்கிறது. ஒரே வரிசையில் நாள்தோறும் வேலை வாங்கும் மேற்பார்வையாளரைப் பொறுத்தவரை இந்த அனுமானம் மிக முக்கியமானது. புலன்விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி நடத்த வேண்டும்.

இவ்விரு சட்டங்களையும் இணைப்பது 2013 சட்டத்தின் 19(g) பிரிவு. பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால், தண்டனைச் சட்டத்தின் கீழோ நடப்பிலுள்ள வேறு எந்தச் சட்டத்தின் கீழோ புகார் அளிக்க உதவுவது முதலாளியின் கடமை என்று அது கூறுகிறது. 'வேறு எந்தச் சட்டம்' என்பதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அடங்கும். அவ்வழியை அப்பெண்ணுக்கு எடுத்துச் சொல்லாத சட்ட அலுவலர், நிறுவனத்தின் சட்டக் கடமையையே நிறைவேற்றத் தவறுகிறார்.

திண்டுக்கல் அளித்த பாடம்

திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலை திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. அங்குப் பணிபுரிந்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அப்பெண் முன்பே துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருந்தார் என்று குடும்பத்தினரும் சக தொழிலாளர்களும் கூறினர். பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஆடை தைத்துக்கொடுத்த ஆலை அது.

தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் டி.டி.சி.யு. தொழிற்சங்கத்தின் தொடர் போராட்டத்திற்குப் பின், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலினம், சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றின் அடிப்படையிலான வன்முறையை அது பெயர் சொல்லியே தடை செய்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை நியமித்தது. எச் அண்ட் எம் நிறுவனத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காட்டி அவ்வாலையின் சரக்குகளைத் தடுத்தது. செப்டம்பரில் தடையை நீக்கியது. புகார்களுக்குச் செவிசாய்ப்பது ஏற்றுமதியையே காக்கும் சட்டப் பணி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

எந்த ஆலையிலும் நாம் மூன்று கேள்விகளை எழுத்தில் எழுப்பலாம். உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? தொழிலாளர் நீதிமன்றத்தில் நிறுவனத்திற்காக வாதங்களைத் தயாரிப்பவரே குழுவுக்கும் ஆலோசனை வழங்குகிறாரா? 19(g) பிரிவின் கீழுள்ள உரிமை, புகார் அளித்த பெண்ணுக்கு அவர் அறிந்த மொழியில் எழுத்தில் தரப்பட்டதா?

சட்டம் பயிலும் நம் மாணவர்கள் பலர் நாளை இந்த மேசைகளில் அமரக்கூடும். அவர்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம்தான். ஆயினும் நிறுவனத்தின் மீது சட்டம் சுமத்தியுள்ள கடமை தொழிலாளிக்கானது. அக்கடமையை நிறைவேற்றுமாறு எழுத்தில் அறிவுறுத்துவதே அவ்வேலையின் நேர்மை.