இனிப்புக்குப் பதில் சிகரெட்டா?

சிகரெட்டை விட்டால் உடல் பருத்துவிடும் என்று அஞ்சியே புகைப்பழக்கத்தை விடாதவர் பலர். இவ்வச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1928-ஆம் ஆண்டில் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியார், தம் ‘லக்கி ஸ்டிரைக்’ சிகரெட்டைப் பெண்களிடையே பரப்ப விழைந்தனர். இனிப்பை நாடும்போது அதற்குப் பதிலாக லக்கியை நாடுங்கள் என்று விளம்பரம் செய்தனர். மெலிந்த உடலே அழகு என்னும் ஆசையை அது தூண்டிற்று. மிட்டாய் வணிகர் வெகுண்டெழுந்தனர். ஆயினும் சிகரெட்டு விற்பனை பெருகிற்று.

அவ்விளம்பரத்தில் ஒரு துளி உண்மையும் இருந்தது. நிகோட்டின் பசியை மட்டுப்படுத்தும். உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தைச் சற்றே கூட்டும். ஆகவே, புகைப்பதை விட்டவர்க்கு முதலாண்டில் சராசரியாக 4, 5 கிலோ எடை கூடுவதுண்டு. ஆனால், அவ்விளம்பரம் சொல்லாத உண்மையோ பெரிது. சிகரெட்டு ஆடவர்க்கு நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கிறது என்று 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் லூதர் டெரியின் அறிக்கை உரைத்தது. எடை கூடினும், புகையை விடுவதன் நன்மையே மிகப் பெரிது என்று 1990-இல் வந்த அறிக்கை தெளிவுறுத்தியது.

நாள்தோறும் நடந்து, பலகாரத்துக்குப் பதில் பழமும் மோரும் உட்கொண்டால் எடையும் பெரிதும் ஏறாது. உங்கள் இல்லத்தில் எவரேனும் இவ்வச்சத்தைக் கூறினால், இவ்வரலாற்றைப் பணிவுடன் எடுத்துரையுங்கள். ஏறிய எடையைக் குறைக்கலாம். போன உயிரை மீட்க இயலாது.