கோட்டை பிடிக்க ஒரு கூட்டு

பல்லேகமவுக்கு மேலே நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரில், மீமுறே பக்கமாக, ஒரு வெடியுப்புக் குகை இருக்கிறது. குகை மண்ணை மரச்சாம்பலோடு கலந்து, நீர்விட்டு வடித்து, காய்ச்சி, உப்பைப் பிரித்தெடுத்தார்கள். வெடிமருந்தின் முக்கிய மூலப்பொருள் அதுதான். ஆங்கிலேய இராணுவ மருத்துவர் ஜோன் டேவி அங்கே நேரில் போய்ப் பார்த்து, 1821இல் வெளிவந்த தன் நூலில் அந்த வேலையை விவரித்திருக்கிறார். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி அவர். இரசாயனம் குடும்பத்துக் கலை.

ஆக, கண்டி இராச்சியத்துக்கு வெடியுப்புக்காக வெளியே கையேந்த வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கிக்கும் அப்படித்தான். சிங்களக் கொல்லர்கள் செய்த துப்பாக்கிகளைப் போர்த்துக்கேயரே மெச்சினார்கள். அப்படியிருக்க, 1636 செப்டெம்பரில் கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கன் இந்தியக் கரையில் பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தக் கம்பனி அதிகாரிக்கு உதவி கேட்டு ஏன் கடிதம் எழுதினார்?

விடை கடற்கரையில் இருந்தது. 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள். அடுத்து மட்டக்களப்பிலும் ஒன்று எழுந்தது. கிழக்கு வாசல் இரண்டும் அடைபட்டுப்போயின. கண்டிப் படையிடம் கற்சுவரை உடைக்கும் பெரும் பீரங்கி இல்லை. கடலை மறிக்கக் கப்பலும் இல்லை.

அந்தப் படை எப்படிப்பட்டது? லக்கலையோ தும்பறையோ, எந்த ஊர் ஆணும் நிலத்துக்குக் கைம்மாறாக இராஜகாரியம் செய்ய வேண்டும். போரும் அதில் அடக்கம். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டியில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார். வீரன் தன் சோற்றுக்கான அரிசியைத் தானே சுமந்து வருவான். தாளிப்பனை ஓலைதான் அவனுக்குக் கூடாரம். கொண்டுவந்தது தீர்ந்தால் எடுத்துவர ஊருக்குப் போவான். அதனால் ஒரு மாதம் கழிந்தால் படையில் பெரும்பகுதி பாளையத்தில் இராது என்கிறார் நொக்ஸ். காட்டில் பதுங்கித் தாக்க இதைவிடப் பொருத்தமான படை கிடையாது. மாதக்கணக்கில் ஒரு கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்க இதைவிடப் பொருந்தாத படையும் கிடையாது.

கடிதம் கொண்டுபோன பிராமணத் தூதர் போர்த்துக்கேயர் கண்ணில் படாமல் கடல் தாண்டப் பல மாதங்கள் பிடித்தன. அதற்குள் செய்தி கசிந்தது. ஒல்லாந்தர் வந்து சேருமுன் கண்டியை முடித்துவிடுவோம் என்று 1638 மார்ச்சில் போர்த்துக்கேயத் தளபதி தியோகு த மெலோ மலையேறினார். நகரம் வெறுமையாகக் கிடந்தது. எரித்துவிட்டுத் திரும்பியவர்களை மார்ச் 28ஆம் திகதி மகாவலிக் கரையில், கன்னொறுவையில், இராஜசிங்கனும் மாத்தளையை ஆண்ட சகோதரர் விஜயபாலவும் சுற்றி வளைத்தார்கள். தளபதியும் மாண்டார், உயிரோடு பிடிபட்டவர்கள் சொற்பம். இந்த வெற்றியில் ஒல்லாந்தருக்குப் பங்கே இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மே மாதம் ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு மட்டக்களப்புக்கு வந்தார். ஒல்லாந்தப் பீரங்கி சுவரைத் தாக்க, அரசரின் படை தரைப்பக்கத்தை அடைத்து நின்றது. 18ஆம் திகதி கோட்டை பணிந்தது. ஐந்து நாள் கழித்து, 23ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. போர்ச்செலவை அரசர் கறுவா, மிளகு, மெழுகு, யானைத்தந்தம் என்று பொருளாகத் தர வேண்டும். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருக்கலாம், ஆனால் அரசர் விரும்பினால் மட்டுமே. இந்தக் கடைசி நிபந்தனை ஒல்லாந்தப் பிரதியில் இல்லை.

வரலாற்று நூல்கள் இந்த மோசடியைத்தான் பெரிதாகப் பேசுகின்றன. ஆனால் பிரதிகள் இரண்டும் ஒத்திருந்தாலும் என்ன மாறியிருக்கும் என்பது சந்தேகமே. கோளாறு கூட்டின் அமைப்பிலேயே இருந்தது. இன்று நேட்டோவில் சேரும் நாடு தன் படையையே கூட்டணிக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது: குண்டின் அளவு, வானொலி, கட்டளை முறை எல்லாம் பொதுவாகின்றன. 2023இல் சேர்ந்த பின்லாந்து பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கியிருந்தது. இராஜசிங்கனின் கூட்டிலோ சுவரை உடைக்கும் வேலை முழுவதும் ஒரு தரப்பின் கையில். மறுதரப்பு ஆள் தந்தது, உணவு தந்தது, பாதையை அடைத்தது, பிறகு கணக்கையும் தீர்க்க வேண்டியிருந்தது.

திருகோணமலை 1639 மே மாதம் விழுந்தது. அதுவும் மட்டக்களப்பும் பின்னர் அரசர் கைக்கு வந்தன. கறுவா விளையும் மேற்கிலோ கதை வேறு. 1640இல் பிடித்த காலியை ஒல்லாந்தர் விடவில்லை; கடன் தீரட்டும் என்றார்கள். கடனோ அவர்கள் எழுதிய கணக்கு! இதற்கிடையில் விஜயபாலவும் இராஜசிங்கனோடு முரண்பட்டு மாத்தளையை இழந்தார். போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, கோவாவுக்குப் போய், கிறிஸ்தவராகி, அங்கேயே இறந்தார். கன்னொறுவையில் யாரை வளைத்தாரோ அவர்களிடமே!

1656 மே 12ஆம் திகதி, நீண்ட முற்றுகைக்குப் பின் கொழும்பு விழுந்தது. சரணடைவு நிபந்தனைகளை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரோடு தனியாக முடித்துக்கொண்டார்கள். வெளியே காத்திருந்த அரசருக்குக் கதவு திறக்கவில்லை. அதை உடைக்க 1636இல் இல்லாத பீரங்கி அப்போதும் அவரிடம் இல்லை. தன் படைக்குத் தெரிந்ததை அவர் செய்தார்: கொழும்பைச் சுற்றிய ஊர்களைப் பாழாக்கி, குடிகளை மலைநாட்டுக்கு ஓட்டிச் சென்று, பாதைகளை மறித்தார். ஒல்லாந்தரிடம் கோட்டை இருந்தது. வயலில் இறங்க ஆள் இல்லை.

(தொடரும்)