ஒரு ராக் பாட்டும் நீத்தல் விண்ணப்பமும்

நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் 'ஹர்ட்' (1994), டிரென்ட் ரெஸ்னர் எழுதிய பாட்டு. போதையைப் பத்தினதுன்னுதான் பலரும் சொல்றாங்க. ஊசி வருது, உண்மைதான். ஆனா வலி வேற இடத்துல இருக்கு: தன்னை நெருங்குபவரையும் காயப்படுத்திவிடுவோம் என்று பாடுகிறவனுக்கே தெரியும். அதனால் விலக்கி நிறுத்துகிறான். மாத்திரை போதையில் பல ஆண்டுகள் சிக்கியிருந்த ஜானி கேஷ் 2002-ல் பாடியபோது, அதுவே முதுமையின் தனிமையாகவும் ஒலித்தது.

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரின் 'நீத்தல் விண்ணப்பம்' 50 பாடல்கள் கொண்டது. புலன்களுக்கு அடிமையாகிக் கெட்டேன் என்ற ஒப்புதல் அதிலும் உண்டு. ஆனா கேட்பது நேரெதிர்: நான் கெட்டவன்தான், அதுக்காக என்னைக் கைவிட்டுடாதே.

குடிக்கு அடிமையானவர் வீட்டில் யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் திமிர்னு நினைக்கிறோம். பல நேரம் அது வெட்கம். முதல் பாட்டைப் பாடுகிறவர் மனசுக்குள்ளே இரண்டாவதும் ஓடிக்கிட்டு இருக்கலாம்.